ஹோஸ்ட் வீட்டில் ஒரு வருடம்: அமெரிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு 2013 ஆகஸ்டில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் திண்டுக்கல்லிலிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனேன். 2014 ஜூனில் திரும்பினேன். நடுவில் இரண்டு வீடுகள், ஒரு பள்ளி, ஒரு நாய். போகத் தயாராகும் பிள்ளைகளுக்கு இப்போதும் ஒவ்வொரு வருடமும் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதியே வைத்துவிட்டேன். என்னை அனுப்பிய அமைப்பின் பெயரை எழுதவில்லை. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு, அது கீழே வருகிறது.

இது என்ன ஏற்பாடு? படிக்கப் போவதா, சுற்றிப்பார்க்கப் போவதா?

பதினைந்து பதினெட்டு வயதுப் பிள்ளை, வேறு நாட்டில் ஒரு குடும்பத்தோடு (ஹோஸ்ட் குடும்பம் என்பார்கள்) அந்த வீட்டுப் பிள்ளைபோல் தங்கி, அந்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு கல்வியாண்டு போவது. விடுதியும் இல்லை, வாடகை அறையும் இல்லை. ஏஎஃப்எஸ் என்பது இதில் பழைய பெயர். முதல் உலகப்போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்கள் தொடங்கியது. இரண்டாம் போர் முடிந்து 1947-ல் பள்ளிப் பிள்ளைகளைப் பரிமாறத் தொடங்கினார்கள். ரோட்டரி சங்கங்கள் தங்களுக்குள் தனியாக ஒரு பரிமாற்றம் நடத்துகின்றன. அமெரிக்க அரசே முழுச் செலவையும் ஏற்கும் கென்னடி-லூகர் திட்டமும் உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002-ல் வந்தது. அதில் இந்தியாவும் இருக்கிறது. ஆள் எடுப்பது கொஞ்சம்தான், கட்டுரை, நேர்காணல் என்று பல சுற்று. இவை போக, பணம் கட்டிப் போகும் தனியார் அமைப்புகள் ஏராளம்.

அமெரிக்கா என்றால் விசா பெரும்பாலும் ஜே-1, பரிமாற்றத்தில் போகிறவர்களுக்கானது. அதற்கு அடிப்படையான காகிதம் டிஎஸ்-2019, அமைப்பு தரும் தகுதிச் சான்று. பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுங்கள்.

வயது வரம்பு?

ஜே-1 விதிப்படி, திட்டம் தொடங்கும் நாளில் 15 வயது முடிந்திருக்க வேண்டும், பதினெட்டரையைத் தாண்டக்கூடாது. அல்லது பதினொரு வருடத்துக்கு மேல் பள்ளிப் படிப்பு முடித்திருக்கக்கூடாது. அமைப்புகள் இதைவிட இறுக்கமாக வரம்பு வைப்பதுண்டு. இதே மாதிரி விசாவில் ஏற்கெனவே ஒருமுறை அமெரிக்கப் பள்ளியில் படித்திருந்தால் மறுபடி கிடையாது.

பிளஸ் ஒன் என்ன ஆகும்? ஒரு வருடம் வீணாகிவிடாதா?

போகும். மழுப்பாமல் சொல்கிறேன். அங்கே படித்த வருடத்தை இங்கே பதினொன்றாம் வகுப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். பல அமெரிக்கப் பள்ளிகள் பரிமாற்ற மாணவர்களுக்குப் பள்ளி முடித்த சான்றிதழ் தருவதில்லை, மதிப்பெண் பட்டியல் மட்டும் தரும். நான் திரும்பி வந்து பிளஸ் ஒன்னில் சேர்ந்தேன். என் பத்தாம் வகுப்புத் தோழிகள் எனக்கு ஒரு வகுப்பு சீனியர். முதல் இரண்டு வாரம் அவமானமாக இருந்தது, அரையாண்டுத் தேர்வுக்குள் மறந்தே போனது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். கிளம்பும் முன் உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம், திரும்பி வந்ததும் எந்த வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "வாம்மா, பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்ன தலைமையாசிரியர் நீங்கள் திரும்புவதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்.

அந்தக் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒன்றும் இல்லை. ஜே-1 பள்ளித் திட்டத்தில் ஹோஸ்ட் குடும்பத்துக்குப் பணம் தரக்கூடாது. அவர்கள் உங்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும், தனிக் கட்டிலும், படிக்க இடமும் தர வேண்டும். அமெரிக்க வருமான வரிக் கணக்கில் மாதம் 50 டாலர் வரை நன்கொடையாகக் காட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒரு பதினாறு வயதுப் பெண் ஒரு மாதத்தில் குடிக்கும் பால் செலவுக்குக்கூட அது காணாது.

பிறகு எதற்காக வைத்துக்கொள்கிறார்கள்?

என் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். இந்தக் கேள்வியைக் கடைசிவரை விடவே இல்லை. "காசு வாங்காம எவன் ஒரு வருஷம் சோறு போடுவான்? ஏதோ இருக்கு." சந்தேகம் நியாயமானதுதான். நான் பார்த்த வரை காரணம் வீட்டுக்கு வீடு வேறு. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் வீடு வெறிச்சோடிக் கிடக்கும். அல்லது அம்மாக்காரி தானே பரிமாற்ற மாணவியாக எங்காவது போனவளாக இருப்பாள். அல்லது பள்ளி ஆசிரியர் கடைசி நேரத்தில் போன் போட்டு "ஒரு பெண்ணுக்கு வீடு கிடைக்கவில்லை" என்று கெஞ்சியிருப்பார். என் முதல் வீடு மூன்றாவது வகை. அது எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது.

சிகாகோவில் சித்தப்பா இருக்கிறார். அவர் வீட்டில் தங்கினால் ஆகாதா?

ஆகாது. உறவினர் வீட்டில் பரிமாற்ற மாணவர் தங்க விதியே இடம் தரவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாலு நாள் போய்வரலாம், அதுவும் அமைப்பின் அனுமதியோடு.

ஊரையும் குடும்பத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. அவர்கள்தான் உங்கள் விண்ணப்பத்தைப் படித்து உங்களை எடுக்கிறார்கள். நியூயார்க், கலிஃபோர்னியா கனவோடு விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேர் சோளக்காட்டு நடுவில் இறங்குவார்கள். என் ஊரில் ஒரே ஒரு சிக்னல். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள், பாலாடைக்கட்டித் தொழிற்சாலை. புதிதாகச் செய்த சீஸ் கர்டு, அதாவது பாலாடைக்கட்டித் துண்டு, கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் போடும். சத்தம் போடாவிட்டால் அது பழசு என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள்.

குடும்பம் என்றால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஓய்வுபெற்ற தம்பதி, தனியாக வாழும் அம்மா, பிள்ளையே இல்லாதவர்கள், இரண்டு அம்மாக்கள், எல்லாமே குடும்பம்தான். பள்ளி வயதுப் பிள்ளை இல்லாமல் தனியாக வாழும் ஒருவர் வீடு என்றால் மட்டும் உங்களிடமும் உங்கள் பெற்றோரிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

ரோட்டரியில் ஒரு வருடத்துக்குள் இரண்டு மூன்று வீடுகள் மாற்றுவதே வழக்கம். அங்கே வீடு மாறுவது யாருக்கும் குறை இல்லை. மற்ற திட்டங்களில் ஒரே வீடு. அதனால்தான் மாற வேண்டி வந்தால் அவ்வளவு வலிக்கிறது.

ஹோஸ்ட் பெற்றோரை எப்படிக் கூப்பிடுவது? அங்கிள், ஆன்ட்டி?

வேண்டாம். அங்கே அங்கிள் என்றால் சொந்தச் சித்தப்பா, பெரியப்பா, மாமா மாதிரி உறவுக்காரர். பேர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயது அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. என்ன செய்தேன் என்றால், கூப்பிடாமலே இருந்தேன். பக்கத்தில் போய் நின்று அவர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பேன். அது அவருக்கு எவ்வளவு திகிலாக இருந்தது என்று பிறகுதான் சொன்னார். முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

முதல் வாரத்தில் வேறு என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

குளியலறையில் தொடங்குங்கள். நம் வீட்டுக் குளியலறையில் தரை முழுக்க நனையலாம், மூலையில் தண்ணீர் போக ஓட்டை இருக்கும். அங்கே தரையில் ஓட்டையே கிடையாது. தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும், திரைச்சீலையின் கீழ்முனை தொட்டிக்கு உள்ளே விழ வேண்டும். நான் வெளியே விட்டுக் குளித்தேன். மூன்றாம் நாள் கீழே சாப்பாட்டு அறையின் கூரையில் ஒரு பழுப்பு வட்டம். யாரும் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே துண்டு எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் மரக்கூரையைச் சரிசெய்ய ஆள் வந்துபோன செலவு எனக்குப் புரியும் வயதுதான்.

வெந்நீர் ஒரு பீப்பாயில் சூடாகி வருவது. ஒருவரே இருபது நிமிடம் தலைக்குக் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். யார் எப்போது குளிப்பது என்று கேளுங்கள். கழுவிக்கொள்ள ஒரு குவளையை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நாப்கினைக் கழிப்பறைக்குள் போடக்கூடாது, எந்தக் குப்பைக்கூடை என்று ஹோஸ்ட் அம்மாவிடம் கேளுங்கள்.

துணி யார் துவைப்பது, இயந்திரத்தை எப்படிப் போடுவது, இரவு எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, வைஃபை எத்தனை மணிவரை, குளிர்சாதனப் பெட்டியில் எதைக் கேட்காமல் எடுக்கலாம், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எதை வைக்கக்கூடாது. எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நம் ஊரில் நல்ல பிள்ளை கேட்காமலே கவனித்துத் தெரிந்துகொள்ளும். அங்கே நல்ல பிள்ளை கேட்கும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. தலையில் எண்ணெய் வைத்துப் படுத்தால் அவர்களின் வெள்ளைத் தலையணை உறையில் அழியாத கறை. மேலே ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் அக்டோபரிலிருந்தே கட்டியாகிவிடும், அகலவாய் டப்பாவில் கொண்டுபோனால் ஸ்பூனால் சுரண்டியாவது எடுக்கலாம்.

சாப்பாடு?

மாடும் பன்றியும் எல்லாவற்றிலும் இருக்கும் என்று தயாராகப் போங்கள். டாக்கோவில் மாடு. பிராட்வர்ஸ்ட் என்கிற தடித்த சாசேஜ் விஸ்கான்சினில் தேசிய உணவு மாதிரி, அதில் பன்றி. சுத்த சைவர்களுக்குப் பொறி எங்கேயென்றால், சைவம்போல் தெரிவதில்தான். டப்பாவில் வரும் பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு, காய்கறி சூப்பில் கோழிச் சாறு, மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். "சைவம்" என்று மட்டும் போடாமல் மீன், முட்டை, சாறு, கொழுப்பு என்று பிரித்து எழுதுங்கள். சில அமெரிக்கர்களின் அகராதியில் கோழி இறைச்சியே அல்ல.

என் பெரிய கஷ்டம் சாப்பாட்டின் ருசி அல்ல, "வேண்டாம்" என்ற சொல். நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றால் முதலில் வேண்டாம் என்போம். "அட, சாப்பிடும்மா" என்று இலையில் விழுந்துவிடும். அங்கே ஒருமுறை கேட்பார்கள். வேண்டாம் என்றால் பாத்திரம் அடுத்தவருக்குப் போய்விடும். அவ்வளவுதான். முதல் பத்து நாள் அரைவயிறோடு படுத்தேன். ஹோஸ்ட் அம்மா என் அம்மாவுக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறார்: உங்கள் மகள் மிகக் குறைவாகச் சாப்பிடுகிறாள், உடம்புக்கு ஏதாவதா? என் அம்மா இங்கே அழுதிருக்கிறாள்.

சமைத்துக் காட்டச் சொல்வார்கள். ஆர்வமாகச் செய்யுங்கள், ஆனால் தாளிக்கும் முன் புகை அலாரம் எங்கே இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். கடுகு, மிளகாய் வற்றல் போட்டால் வீடே அலறும். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும் என்பதால் அமெரிக்கச் சுங்கத்தில் தடை.

நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாமே?

ஆமாம். சாப்பாட்டுக்கு, காரில் கொண்டுபோய் விட்டதற்கு, உப்பை நகர்த்தியதற்கு. அம்மாவுக்கு நன்றி சொன்னால் அந்நியமாக்குவது என்றுதான் நாம் வளர்ந்திருக்கிறோம். அங்கே சொல்லாவிட்டால்தான் அந்நியம். பழக மூன்று வாரம் ஆகும்.

ஹோஸ்ட் குடும்பத்தோடு ஒத்துவராவிட்டால்? வீடு மாற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

அனுப்பமாட்டார்கள். நான் மாறினேன். எதனால் என்பதை நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் பேசும் பிள்ளைகள் பாதிப் பேர் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

முதல் வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பையன்கள், ஒரு லாப்ரடார். நல்ல மனிதர்கள். எனக்கென்று தனி அறை. பிறந்ததிலிருந்து ஹாலில் பாய் விரித்து வரிசையாகப் படுத்த எனக்கு அது அரண்மனை. ஆனால் நாயைக் கண்டால் பயம். சின்ன வயதில் தெருநாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டவள் நான். அந்த லாப்ரடார் என்னைப் பார்த்ததும் இரண்டு காலையும் தூக்கித் தோளில் வைக்கும். அது அன்பு. எனக்கு உயிர் போகும். அதனால் பள்ளியிலிருந்து வந்ததும் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இரவுச் சாப்பாட்டுக்கு வருவேன், தட்டைக் கழுவி வைப்பேன், மறுபடி கதவு. யாருக்கும் தொந்தரவு தராத அடக்கமான பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஊரில் சாத்திய கதவுக்கு ஒரே பொருள்: உள்ளே வராதே. இந்தப் பெண்ணுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பையன்களிடம் "அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பையன்கள் என்னிடம் பேசாததால் எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வீட்டு வேலைப் பட்டியல் ஒட்டினார்கள், அதில் என் பெயருக்கு நேரே செவ்வாய், வியாழன் குப்பை. என்னை வேலைக்காரியாக்குகிறார்கள் என்று அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பட்டியலில் ஏழு வயதுப் பையனுக்கும் வேலை இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

ஒவ்வொரு மாதமும் அமைப்பின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாணவரோடும் குடும்பத்தோடும் தொடர்பு கொள்ள வேண்டும் என்பது விதி. எனக்கு மின்னஞ்சல் வரும்: எப்படி இருக்கிறாய்? நான் எழுதுவேன்: ஃபைன், தேங்க்யூ. குடும்பம் அக்டோபரிலேயே மனக்குறை சொல்லியிருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுதான் என் குறை. அவர் கெட்டவர் இல்லை, "என் கையில் அப்போது பதினைந்து பிள்ளைகள்" என்று பிறகு சொன்னார். இருந்தாலும் அக்டோபரில் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

டிசம்பரில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். ஏன் கதவைச் சாத்துகிறாய் என்று கேட்டார்கள். வெகுநேரம் கழித்து நாயைக் கையால் காட்டினேன். ஹோஸ்ட் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். ஆனால் அதற்குள் இருபுறமும் களைத்துப்போயிருந்தோம். ஜனவரியில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வீட்டுக்கு மாறினேன். அங்கே ஒரு பூனை, அதற்கு என்மேல் எந்த ஆர்வமும் இல்லை.

ஆக, கதவைத் திறந்து வையுங்கள். வீட்டுப்பாடத்தைச் சமையலறை மேசையில் வைத்துச் செய்யுங்கள். பயத்தை, பிடிக்காததை அன்றன்றே சொல்லுங்கள், மொழி தடுமாறினாலும் பரவாயில்லை. "ஃபைன்" என்று எழுதாதீர்கள்.

கொடுமைப்படுத்தினால், தப்பாக நடந்துகொண்டால்?

மேலே சொன்னது மனக்கசப்பு. இது வேறு, இதில் பேசிப் பார்ப்பது, பொறுத்துப்போவது எல்லாம் கிடையாது. ஹோஸ்ட் வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை கட்டாயம், வீட்டை நேரில் பார்த்துப் பேட்டி எடுப்பதும் கட்டாயம். சோதனைக்குத் தப்பியவர்களும் இருக்கலாம். யாராவது தொட்டால், சாப்பாடு மறுத்தால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால் உடனே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். அவர் அசையவில்லை என்றால் அமைப்பின் தலைமை அலுவலகம், பள்ளி ஆலோசகர், அல்லது அமெரிக்க வெளியுறவுத்துறை ஜே-1 மாணவர்களுக்காக வைத்திருக்கும் அவசர எண் 1-866-283-9090. உயிருக்கு ஆபத்து என்றால் 911. இந்த இரண்டு எண்களையும் போனில் மட்டுமல்ல, ஒரு துண்டுத்தாளிலும் எழுதிப் பணப்பைக்குள் வையுங்கள்.

பெற்றோரே, பிள்ளை இப்படி ஏதாவது சொன்னால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

பள்ளி எப்படி?

ஆசிரியர் அறையிலேயே இருப்பார், நாம்தான் மணி அடித்ததும் ஓட வேண்டும். எங்களுக்கு நாலு நிமிடம். லாக்கர் பூட்டுக்கு வலம், இடம், மறுபடி வலம் என்று எண்களைச் சுழற்ற வேண்டும். முதல் வாரம் என் புத்தகங்கள் உள்ளே, நான் வெளியே. கணக்கு எளிது, கால்குலேட்டர் வேறு கையில். அமெரிக்க வரலாறும் ஆங்கில இலக்கியமும்தான் மூச்சு வாங்கவைக்கும். ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நின்றேன், வகுப்பே திரும்பிப் பார்த்தது.

காலையில் கொடிக்கு உறுதிமொழி சொல்வார்கள். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 1943-லேயே அவர்களின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. மரியாதைக்கு எழுந்து நிற்கலாம், நான் நின்றேன்.

தோழமை வகுப்பில் கிடைக்காது, வகுப்பு முடிந்த பிறகுதான் கிடைக்கும். ஏதாவது ஒரு விளையாட்டில் சேருங்கள். கூடைப்பந்து, கால்பந்து அணிகளில் திறமை பார்த்துக் கழிப்பார்கள். நீண்ட தூர ஓட்டத்தில் வழக்கமாக எல்லோரையும் எடுத்துக்கொள்வார்கள். நான் எல்லாப் போட்டியிலும் கடைசி இரண்டு பேரில் ஒருத்தி. ஆனாலும் பேருந்தில் எனக்கென்று ஓர் இருக்கை இருந்தது.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை விஸ்கான்சினில் மான் வேட்டை தொடங்கும், ஒன்பது நாள். அந்த வருடம் நவம்பர் 23. அடுத்து வந்த பள்ளி நாட்களில் என் வகுப்பில் பாதி இருக்கை காலி. எங்கள் வீட்டு கார் ஷெட்டிலும் ஒரு மான் தலைகீழாகத் தொங்கியது. யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

குளிரைத் தாங்க முடியுமா?

உடுப்பு சரியாக இருந்தால் முடியும். சென்னையில் கனமான கோட்டு வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். அங்கே போய் பழைய துணிக் கடையில் வாங்கினால் மலிவு, அந்தக் குளிருக்கென்றே தைத்ததாகவும் இருக்கும். 2014 ஜனவரி 6 அன்று விஸ்கான்சினில் பெரும்பாலான பள்ளிகளை மூடினார்கள், பனிக்காக அல்ல, வெறும் குளிருக்காக. காற்றோடு சேர்த்து மைனஸ் 40-ஐ ஒட்டி. ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று அப்பா போனில் கேட்டார். மைனஸ் 40-ல் இரண்டும் ஒன்றுதான். அடுத்த வாரம் பொங்கல்.

வீட்டு நினைப்பு வந்தால் என்ன செய்வது? தினமும் பேசலாமா?

தினமும் வேண்டாம். நான் முதல் வீட்டில் தினம் ஒரு மணி நேரம் பேசினேன், அதுவும் அந்தக் கதவுக்குப் பின்னால். உடம்பு அங்கே, மனசு திண்டுக்கல்லில். இரண்டாம் வீட்டில் ஞாயிறு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. கோடையில் நாம் அவர்களைவிடப் பத்தரை மணி நேரம் முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை மாற்றியதும் பதினொன்றரை.

முதல் நினைப்பு மூன்றாம் வாரம் வாக்கில் வரும். பெரியது பண்டிகைக்கு வரும். 2013 தீபாவளி நவம்பர் 2. அங்கே முதல் நாள் வெள்ளி மாலை, விஸ்கான்சினில் வெள்ளி என்றால் ஊரே பொரித்த மீன் சாப்பிடப் போகும். ஆறு மணிக்கு நான் ஓர் உணவகத்தில் மீனும் கோஸ் சாலடும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வீட்டில் விடிகாலை நாலரை, தம்பி தலையில் எண்ணெய் வைக்கும் நேரம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பையன்கள் ஒரு மத்தாப்பாவது தேடிக் கொளுத்தியிருப்பார்கள்.

கார் ஓட்டலாமா, வேலை பார்க்கலாமா, காதலிக்கலாமா?

ரோட்டரியில் நாலு தடை மனப்பாடமாக வரும்: குடி, போதை, வண்டி ஓட்டுவது, காதல். மற்ற அமைப்புகளும் முதல் மூன்றில் கண்டிப்பு, மீறினால் அடுத்த விமானம். குடிக்கச் சட்டப்படி 21 வயது. வேலைக்குப் போகக்கூடாது, குழந்தை பார்த்துக்கொள்வது, புல் வெட்டுவது போன்ற எப்போதாவது வரும் சில்லறை வேலைக்கு மட்டும் இடம் உண்டு. காதலைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

சர்ச்சுக்கு வரச் சொன்னால்?

கட்டாயப்படுத்தக்கூடாது. ஆனால் சின்ன ஊரில் சர்ச் என்பது கோயில் திருவிழாவும் கல்யாண மண்டபமும் சேர்ந்த மாதிரி. இரண்டாம் வீட்டார் லூத்தரன் பிரிவுக் கிறிஸ்தவர்கள். பாட்டுக்காகவும் நிலவறையில் போடும் கூட்டுச் சாப்பாட்டுக்காகவும் போனேன். என் அறையில் மேசைமேல் ஒரு முருகன் படம் இருந்தது. ஹோஸ்ட் தாத்தா தூசி துடைக்கும்போது அதை மட்டும் இரண்டு கையால் எடுப்பார்.

தடுப்பூசி, காப்பீடு?

பள்ளி சேர்க்கையில் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். சின்னம்மை ஊசி நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை, தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும், இரண்டு தவணை. இன்னொன்று: பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் செய்யும் காசநோய்ச் சோதனை தடித்துக் காட்டலாம். பயப்படாமல் பிசிஜி போட்ட விவரத்தைக் காட்டி இரத்தப் பரிசோதனை கேளுங்கள், பிசிஜியால் அது குழம்பாது. ஜே-1 விதிப்படி ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு லட்சம் டாலர் காப்பீடு இருக்க வேண்டும். பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் அதில் வராது. சொத்தைப் பல்லை இங்கேயே அடைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

திரும்பி வந்த பிறகு எப்படி இருந்தது?

சத்தம். மதுரை விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை ஹாரன் காதைக் கிழித்தது. மறுநாள் காலை அம்மா தோசை வைத்தாள், வாய் தன்னால் "தேங்க்ஸ்மா" என்றது. அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "என்னடி, எவ வீட்டுக்கோ வந்தவ மாதிரி பேசுற?"

அரசு உதவித்தொகையில் போனவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகே அமெரிக்காவில் ஹெச்-1பி போன்ற வேலை விசாவுக்கோ நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டுக்கோ போக முடியும். பிளஸ் ஒன், பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் அது தானாகத் தீர்ந்துவிடும்.

ஹோஸ்ட் குடும்பங்களோடு இன்னும் தொடர்பு உண்டா?

உண்டு. இரண்டாம் வீட்டுத் தாத்தா இப்போது இல்லை, பாட்டி மாதம் ஒருமுறை வீடியோவில் வருவார். முதல் வீட்டிலிருந்து வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை தபாலில் வரும். குடும்பப் படம் ஒட்டி, பின்னால் எல்லோரும் கையெழுத்துப் போட்டு. சில வருடங்களுக்கு முன் வந்த அட்டையில் மனிதர்கள் யாருமில்லை, லாப்ரடார் மட்டும், முகவாயெல்லாம் நரைத்து. அந்த இலையுதிர்காலத்தில் அது இறந்துவிட்டதாம். அந்த அட்டை இப்போதும் என் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் இருக்கிறது.